வயநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் தொடங்கிய வாழ்க்கை: மூளை செல்லின் பிறப்பைத் தேடிய வாடிங்டன் யார்?

வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து புனேவுக்குப் போய், ஆகுர்டியில் அறை எடுத்துத் தங்கியவர்களுக்கு இந்த அனுபவம் நிச்சயம் இருக்கும். முதல் வாரம். ரயில் நிலையத்தில் மராத்தியில் ஓர் அறிவிப்பு வரும். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் டக்கென்று அடுத்த பிளாட்ஃபார்முக்கு நடப்பார்கள். நாம் மட்டும் அங்கேயே நிற்போம். சத்தம் நம் காதிலும்தான் விழுந்தது. ஆனால் அதை வாங்கிக்கொள்ளும் தயார்நிலை நம்மிடம் இல்லை.

ஆறு மாதம் கழித்து அதே குரல், அதே அறிவிப்பு. இப்போது நம் கால்கள் தானாக நகரும். அறிவிப்பு மாறவில்லை. மாறியது நாம்தான்.

கருவில் இருக்கும் ஒரு செல், மூளை செல்லாக மாறுவதும் கிட்டத்தட்ட இப்படித்தான். வெளியிலிருந்து சமிக்ஞை வந்தால் மட்டும் போதாது. அதைக் கேட்கும் 'காது' அந்த நேரத்தில் அந்த செல்லில் இருக்க வேண்டும். அந்தக் காதுக்கு இன்றைய அறிவியல் வைத்திருக்கும் பெயர் ரிசெப்டர், தமிழில் ஏற்பி. எந்த ஏற்பிக்கான மரபணு எப்போது வேலை செய்கிறது என்பதைப் பொறுத்தே ஒரு ஸ்டெம் செல்லின் எதிர்காலம் அமைகிறது.

ஏற்பிகளைப் பற்றி யாருக்கும் தெளிவாகத் தெரியாத காலத்திலேயே, கேட்கும் பக்கத்தையும் கவனியுங்கள் என்று வலியுறுத்தியவர் கான்ராட் ஹால் வாடிங்டன். இவர் பிரிட்டிஷ் விஞ்ஞானி. ஆனால் நினைவு தெரிந்த முதல் வருடங்களைக் கழித்தது நம்ம ஊர்ப் பக்கம்.

வயநாட்டிலிருந்து இங்கிலாந்துக்கு

வாடிங்டன் 1905 நவம்பர் 8 அன்று இங்கிலாந்தின் ஈவ்ஷாம் நகரில் பிறந்தார். அவருடைய அப்பா வயநாட்டில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். வயநாடு இன்று கேரளாவில் இருக்கிறது. அன்று அது சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் ஒரு பகுதி. குழந்தையாக இருந்தபோதே வாடிங்டன் அங்கே கொண்டுவரப்பட்டார்.

நான்கு வயதில் அந்த வாழ்க்கை முடிந்தது. இந்தியாவில் வேலை பார்த்த பல பிரிட்டிஷ் குடும்பங்கள் செய்ததுபோல, இவரையும் இங்கிலாந்தில் உறவினர்களிடம் அனுப்பிவிட்டார்கள். அத்தை, மாமா, பாட்டி என்று வேறொரு வீடு. பெற்றோர் 1928 வரை இந்தியாவிலேயே இருந்தார்கள். அதாவது அவர்கள் ஊர் திரும்பும்போது மகனுக்கு 22, 23 வயது.

அந்தச் சிறுவனுக்கு அறிவியலைக் கைப்பிடித்துக் காட்டியவர் தூரத்து உறவினரான ஒரு மருந்துக்கடைக்காரர். கற்கள், புதைபடிவங்கள், வேதிப்பொருட்கள் எல்லாம் அவரிடமிருந்து அறிமுகமாயின. பின்னர் கேம்பிரிட்ஜில் வாடிங்டன் படித்ததும் புவியியல்தான். அம்மோனைட் என்ற சுருள் வடிவப் புதைபடிவங்கள் மீது அவருக்குப் பெரிய ஈர்ப்பு. அந்தச் சுருள் எப்படி வளர்ந்தது என்ற கேள்வி அவரைக் கல்லிலிருந்து உயிருக்கு இழுத்து வந்தது.

முட்டைக்குள் ஒரு கேள்வி

அப்போது உயிரியல் உலகையே உலுக்கிய ஒரு சோதனை ஜெர்மனியில் நடந்திருந்தது. நியூட் என்பது தவளைக்கு உறவான, வால் உள்ள ஒரு சிறு பிராணி. அதன் கருவிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி, இன்னொரு கருவின் வயிற்றுப் பக்கம் ஒட்டினார்கள் ஹில்டே மாங்கோல்டும் அவருடைய பேராசிரியர் ஹான்ஸ் ஸ்பீமனும். என்ன ஆச்சு? தோலாகவும் வயிறாகவும் ஆக வேண்டிய செல்கள் இரண்டாவதாக ஒரு மூளை, தண்டுவட அமைப்பை உருவாக்கத் தொடங்கின. ஒட்டப்பட்ட துண்டுக்கு 'ஆர்கனைசர்', அதாவது ஒழுங்கமைப்பான் என்று பெயர் வைத்தார்கள்.

1924இல் இந்த முடிவு வெளியானது. அதே ஆண்டு ஹில்டே மாங்கோல்டு வீட்டில் நடந்த தீ விபத்தில், 25 வயதில் இறந்துபோனார். ஸ்பீமனுக்கு 1935இல் நோபல் பரிசு கிடைத்தது.

இது நியூட்டுக்கு மட்டும்தானா, இல்லை சூடான ரத்தம் உள்ள உயிரினங்களுக்கும் பொருந்துமா? இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார் இளம் வாடிங்டன். கேம்பிரிட்ஜின் ஸ்டிரேஞ்ச்வேஸ் ஆய்வகத்தில், கோழிக் கருவை முட்டைக்கு வெளியே எடுத்து, ரத்தப் பிளாஸ்மா உறைந்த ஒரு மெத்தை மேல் வைத்து வளர்த்தார். கோழிக் குஞ்சு பொரிக்க 21 நாள் ஆகும். மூளைக்கான அடித்தளமோ முதல் நாள் முடிவதற்குள்ளேயே போடப்பட்டுவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் துண்டுகளை வெட்டி ஒட்ட வேண்டும்.

1930களின் தொடக்கத்தில் பதில் கிடைத்தது. பறவைகளிலும் ஆர்கனைசர் உண்டு. அடுத்த சில ஆண்டுகளில் முயல் கருவிலும் சோதனைகளைத் தொடர்ந்தார்.

நீலச் சாயம் செய்த குழப்பம்

சரி, ஆர்கனைசரிலிருந்து வெளியே வரும் அந்தப் பொருள் என்ன? அதைப் பிடித்துவிட்டால் மூளையை உருவாக்கும் ரசாயனம் கையில் கிடைத்த மாதிரி. ஐரோப்பாவின் பல ஆய்வகங்கள் போட்டிபோட்டுத் தேடின. வாடிங்டனும் உயிர்வேதியியலாளர் ஜோசப் நீதமும் அந்த ஓட்டத்தில் இருந்தார்கள்.

அங்கேதான் சிக்கல் தொடங்கியது. ஆர்கனைசரைக் கொன்றுவிட்டு ஒட்டினாலும் வேலை செய்தது. சம்பந்தமே இல்லாத வேறு விலங்குகளின் திசுவும் வேலை செய்தது. 1936இல் இன்னும் பெரிய அதிர்ச்சி: மெத்திலீன் புளூவும் வேலை செய்தது! ஆய்வகங்களில் செல்களுக்கு நிறமேற்றப் பயன்படும் செயற்கைச் சாயம் அது. எந்தக் கருவுக்குள்ளும் இயற்கையாக இருக்க வாய்ப்பே இல்லை.

எதை வைத்தாலும் மூளைத் திசு வருகிறது என்றால், சரியான பொருள் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தத் தேடலுக்கென ஒரு தனி ஆய்வு நிறுவனம் அமைக்கும் திட்டமும் நிதி கிடைக்காமல் கைவிடப்பட்டது. பலர் அந்தத் துறையையே விட்டுவிட்டுப் போனார்கள். பல ஆண்டு உழைப்பு முட்டுச்சந்தில் வந்து நின்றது.

கேட்கும் பக்கம்

வாடிங்டன் அந்தத் தோல்வியை வேறு விதமாகப் படித்தார். ஒரு சாயம்கூட மூளைத் திசுவைத் தூண்டுகிறது என்றால், மூளையை உருவாக்கும் தகவல் அந்தச் சாயத்தில் இருக்க முடியாது. அது தூண்டப்படும் செல்களுக்குள்ளேயே இருக்கிறது. ஏதோ ஒரு தடை அதை அடக்கி வைத்திருக்கிறது. வெளியிலிருந்து வருவது அந்தத் தடையை மட்டுமே அகற்றுகிறது.

இதற்கு ஆதரவாக இன்னொரு உண்மையும் இருந்தது. அதே ஆர்கனைசர் துண்டை ஒரு குறிப்பிட்ட வயதுள்ள கருவில் வைத்தால் மூளை வரும். கொஞ்சம் முதிர்ந்த கருவில் வைத்தால் எதுவும் நடக்காது. சமிக்ஞை அதேதான். கேட்கும் செல்களின் தயார்நிலை மட்டும் காலாவதி ஆகிவிட்டது. இந்தத் தயார்நிலையை அவர் 'காம்பிடென்ஸ்' என்று அழைத்தார். ஏற்புத் தகுதி என்று தமிழில் சொல்லலாம். மூளையாகும் தகுதியை இழந்த தோல் செல்கள், அடுத்த கட்டத்தில் கண்ணின் லென்ஸாகும் தகுதியைப் பெறுகின்றன. இப்படித் தகுதிகள் ஒரு வரிசையில் வந்து போகின்றன.

அந்தத் தகுதியை எது தீர்மானிக்கிறது? மரபணுக்கள்தான் என்று நினைத்தார் வாடிங்டன். இன்று இது சாதாரணமாகத் தெரியலாம். அன்று கருவியலாளர்களும் மரபியலாளர்களும் இரண்டு தனித்தனி முகாம்கள். இவர் அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்துக்குப் போய், பழ ஈயின் இறக்கை வளர்ச்சியை எந்தெந்த மரபணுக்கள் எந்தக் கட்டத்தில் மாற்றுகின்றன என்று ஆராய்ந்தார். 1940இல் வெளியான அவருடைய புத்தகத்தின் தலைப்பிலேயே ஆர்கனைசர்களையும் மரபணுக்களையும் சேர்த்து வைத்தார். 1942இல் இந்தத் துறைக்கு 'எபிஜெனெடிக்ஸ்' என்று பெயர் சூட்டினார். இன்று டிஎன்ஏ மீது ஒட்டும் வேதிக் குறிகளைப் பற்றிப் பேசும்போது அதிகம் பயன்படும் அதே சொல்தான். அவர் அதை இன்னும் அகலமான பொருளில், மரபணுக்களிலிருந்து உடல் உருவாகும் வழி முழுவதற்கும் பயன்படுத்தினார்.

லோனாவ்லாவில் விழும் மழை

வாடிங்டனை இன்றும் எல்லா உயிரியல் மாணவர்களுக்கும் தெரியவைத்திருப்பது ஒரு படம். சரிவான மலை. உச்சியில் ஒரு பந்து. கீழே போகப் போக பள்ளத்தாக்குகள் இரண்டாக, நான்காகப் பிரிகின்றன. உருளும் பந்து ஏதோ ஒரு பள்ளத்தாக்கில் போய் நிற்கும். உச்சியில் இருப்பது ஸ்டெம் செல். அடியில் இருப்பவை மூளை, தோல், தசை செல்கள்.

ஆகுர்டியில் இருப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். லோகல் ரயிலில் லோனாவ்லா வரை போனால் அந்த மலைகள் வந்துவிடும். அங்கே மழை விழும்போது ஒரு சரிவில் விழுந்த துளி பவனா ஆற்றில் சேர்ந்து, பிம்ப்ரி-சிஞ்ச்வட் வழியாக ஓடி, பீமா, கிருஷ்ணா என்று பயணித்து வங்கக் கடலுக்குப் போகும். அடுத்த சரிவில் விழுந்த துளி உல்ஹாஸ் ஆற்றில் இறங்கி அரபிக் கடலுக்குப் போகும். உச்சியில் வித்தியாசம் சில அடி. முடிவில் இரண்டு வேறு கடல்கள். கீழே இறங்கிய துளி தானாக மேலேறி அடுத்த ஆற்றுக்கு மாறாது.

1957இல் வெளியான புத்தகத்தில், அந்த மலையின் அடிப்பக்கத்தையும் அவர் வரைந்து காட்டினார். நிலத்தில் அறையப்பட்ட முளைகள். அவற்றிலிருந்து மேலே இழுக்கும் கயிறுகள். முளைகள்தான் மரபணுக்கள். கயிறுகளின் இழுவைதான் மேலே பள்ளத்தாக்குகளின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. பலரும் பந்தைப் பார்த்தார்கள். அவர் பார்க்கச் சொன்னது கயிறுகளை.

போர், எடின்பரோ, புனே

இரண்டாம் உலகப் போரில் வாடிங்டன் பிரிட்டிஷ் விமானப் படையின் கடலோரப் பிரிவில் வேலை பார்த்தார். ஜெர்மன் நீர்மூழ்கிகளை வேட்டையாட விமானங்களை எப்படிச் சிறப்பாகப் பயன்படுத்துவது என்று கணக்குப் போடும் வேலை. போர் முடிந்து 1947இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் விலங்கு மரபியல் பேராசிரியரானார். அவருடைய இரண்டாவது மனைவி ஜஸ்டின் பிளாங்கோ ஒயிட் ஒரு கட்டடக் கலைஞர். அவர்களின் மகள்களில் ஒருவர் மானுடவியலாளர் கரோலின் ஹம்ஃப்ரி, இன்னொருவர் கணிதவியலாளர் டூசா மெக்டஃப்.

எடின்பரோவுக்கு உலகின் பல நாடுகளிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். புனேவைச் சேர்ந்த லீலா முல்ஹேர்கர் அவர்களில் ஒருவர். கோழிக் கருவில் ஆர்கனைசர் பொருள் எப்படிப் பரவுகிறது என்று இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1957இல் வெளியானது. கருவை முட்டைக்கு வெளியே வளர்க்கும் கலையோடு ஊர் திரும்பிய முல்ஹேர்கர், புனே பல்கலைக்கழக விலங்கியல் துறையில் பல தலைமுறை மாணவர்களுக்கு வளர்ச்சி உயிரியலைக் கற்றுக்கொடுத்தார். இன்று அதே பல்கலைக்கழக வளாகத்தில் தேசிய செல் அறிவியல் மையம் இயங்குகிறது. அங்கே நடக்கும் ஆய்வுகளில் ஸ்டெம் செல் ஆய்வும் ஒன்று.

வாடிங்டனின் எல்லாக் கருத்துகளும் ஏற்கப்படவில்லை. பழ ஈக்களின் கூட்டுப்புழுக்களுக்குச் சூடு கொடுத்து, அதனால் இறக்கை நரம்பு மாறிய ஈக்களை மட்டும் தேர்ந்தெடுத்து வளர்த்தார். பத்துக்கும் மேற்பட்ட தலைமுறைகளுக்குப் பிறகு, சூடே இல்லாமலும் சில ஈக்களில் அதே மாற்றம் வந்தது. வாழ்நாளில் பெற்ற பண்பு வாரிசுக்குப் போகும் என்ற பழைய லாமார்க் கொள்கையை இவர் பின்வாசல் வழியாகக் கொண்டுவருகிறார் என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். ஏற்கெனவே மறைந்திருந்த மரபணு வேறுபாடுகளே வெளிப்பட்டன என்று அவர் விளக்கினார். விவாதம் இன்றும் ஓயவில்லை.

1975 செப்டம்பர் 26 அன்று எடின்பரோவில் வாடிங்டன் காலமானார். வயது 69. ஆர்கனைசரின் சமிக்ஞை என்ன என்பது அப்போதும் தெரியவில்லை.

17 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த விடை

1992இல் தவளைக் கருவில் நாகின் என்ற புரதத்துக்கான மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. 1994இல் கார்டின் கிடைத்தது. இரண்டும் ஆர்கனைசரிலிருந்து வருபவை. 1996இல் இவை எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்தபோதுதான் உண்மையான ஆச்சரியம். இவை செல்லுக்கு எந்தக் கட்டளையும் கொடுப்பதில்லை. இன்னொரு கட்டளையை வாயடைக்கின்றன.

எளிதாகச் சொன்னால் இப்படி. கருவின் வெளி அடுக்கில் உள்ள செல்களின் மேற்பரப்பில் பிஎம்பி என்ற புரதத்துக்கான ஏற்பிகள் இருக்கின்றன. பிஎம்பி வந்து ஒட்டினால், ஏற்பி செல்லுக்குள் ஸ்மாட் என்ற தூதுப் புரதங்களைத் தூண்டும். அவை உட்கருவுக்குப் போய் தோலுக்கான மரபணுக்களை இயக்கும். நாகினும் கார்டினும் பிஎம்பியை வழியிலேயே பிடித்துக்கொள்கின்றன. ஏற்பிக்கு எதுவும் வந்து சேர்வதில்லை. தடை நீங்கிய செல், நரம்புத் திசு ஆகும் பாதையில் இறங்குகிறது.

உள்ளே இருக்கும் திறனை ஏதோ ஒன்று அடக்கி வைத்திருக்கிறது என்று 1930களில் வாடிங்டன் ஊகித்தது இதற்கு மிக அருகில்தான் இருந்தது. ஆனால் கதை அவ்வளவு எளிதல்ல. அவர் ஆராய்ந்த அதே கோழிக் கருவில் பிஎம்பியைத் தடுப்பது மட்டும் போதவில்லை. அதற்கு முன்பே எஃப்ஜிஎஃப் என்ற இன்னொரு சமிக்ஞையை அந்த செல்கள் கேட்டிருக்க வேண்டும் என்று பிந்தைய சோதனைகள் காட்டின. முதலில் ஒன்றைக் கேட்டால்தான் அடுத்ததுக்குத் தகுதி வரும்.

ஸ்டெம் செல் நியூரான் ஆகும்போது என்ன நடக்கிறது?

இந்த அறிவு 2009இல் ஆய்வகக் கிண்ணத்துக்கு வந்தது. அமெரிக்க ஆய்வாளர்கள் மனித ஸ்டெம் செல்களில் ஒரே நேரத்தில் இரண்டு ஏற்பிப் பாதைகளை அடைத்தார்கள். ஒன்றை நாகின் அடைத்தது. மற்றொன்றை ஒரு சிறு ரசாயனம் அடைத்தது. 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட செல்கள் நரம்பு செல்களின் முன்னோடிகளாக மாறின. இன்று உலகம் முழுக்க ஆய்வகங்கள் பயன்படுத்தும் அடிப்படை முறை இதுதான்.

அதோடு மாற்றம் நின்றுவிடுவதில்லை. பந்து கீழே உருளும் ஒவ்வொரு கட்டத்திலும் செல் தன் காதுகளை மாற்றிக்கொண்டே போகிறது. நரம்பு முன்னோடி செல்லில் எஃப்ஜிஎஃப் ஏற்பியும் நாட்ச் என்ற ஏற்பியும் முக்கியம். பக்கத்து செல்லிடமிருந்து நாட்ச் வழியாகச் செய்தி வரும்வரை, அது அவசரப்பட்டு நியூரான் ஆகாமல் முன்னோடியாகவே காத்திருக்கும். அந்தச் செய்தி குறையும்போது நியூரானாகத் தொடங்கும்.

நியூரான் ஆனதும் காபா, குளூட்டமேட் போன்ற நரம்புக் கடத்திகளுக்கான ஏற்பி மரபணுக்கள் வேலை செய்யத் தொடங்குகின்றன. இங்கேயும் ஒரு வேடிக்கை. வளர்ந்த மூளையில் காபா நியூரானை அமைதிப்படுத்தும் சமிக்ஞை. இளம் நியூரானிலோ அதே காபா பெரும்பாலும் தூண்டிவிடும். காரணம், செல்லுக்குள் இருக்கும் குளோரைடு அளவு. அதை வெளியேற்றும் புரதத்தின் மரபணு பின்னாளில்தான் மும்முரமாக இயங்குகிறது. ஒரே சொல், கேட்பவரின் வயதைப் பொறுத்து எதிர் அர்த்தம்.

நமக்கு ஏன் இது முக்கியம்?

இந்தியாவில் ஆட்டிசம், பெருமூளை வாதம், முதுகுத்தண்டு காயம் என்று பலவற்றுக்கும் ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகும் என்று விளம்பரங்கள் வருகின்றன. நம்பி லட்சக்கணக்கில் செலவு செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. ஸ்டெம் செல் எது வேண்டுமானாலும் ஆகும் என்ற அரை உண்மைதான் இந்த வியாபாரத்தின் முதலீடு.

வாடிங்டனின் வாழ்நாள் வேலை சொல்வது மீதி உண்மையை. எதுவாகவும் ஆகக்கூடிய ஒரு செல், மூளைக்குள் போனதும் தானாக மூளை செல் ஆகிவிடாது. சரியான சமிக்ஞை, சரியான வரிசையில், சரியான ஏற்பி இருக்கும் நேரத்தில் வர வேண்டும். முறையாக நடக்கும் ஆய்வுகள் இதை மதிக்கின்றன. பார்கின்சன் நோய்க்காக 12 பேரிடம் நடந்து 2025இல் முடிவு வெளியான ஆரம்பகட்டப் பரிசோதனையில், ஸ்டெம் செல்களை அப்படியே செலுத்தவில்லை. ஆய்வகத்திலேயே படிப்படியாக டோபமைன் நியூரான் முன்னோடிகளாக மாற்றிய பிறகே மூளையில் வைத்தார்கள். அதுவும் முதலில் பாதுகாப்பைச் சோதிக்கத்தான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 வழிகாட்டுதலும் இதைத் தெளிவாகச் சொல்கிறது. சில ரத்த நோய்கள் போன்ற அங்கீகரிக்கப்பட்ட நிலைகளுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை தவிர, மற்ற எதையும் சிகிச்சை என்று விற்க முடியாது. அனுமதி பெற்ற மருத்துவப் பரிசோதனையாக மட்டுமே செய்யலாம். அந்தப் பரிசோதனையில் பங்கேற்பவரிடம் பணம் வாங்கக் கூடாது.

ஆகவே உங்கள் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ யாராவது இப்படி ஒரு ஊசிக்காகக் கடன் வாங்க யோசித்தால், மூன்று கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். இது பதிவு செய்யப்பட்ட பரிசோதனையா? எதற்குப் பணம் கேட்கிறீர்கள்? செலுத்தும் செல், என்ன செல்லாக மாற்றப்பட்டிருக்கிறது?

மூன்றாவது கேள்விக்கு நேரான பதில் வரவில்லை என்றால் பர்ஸைத் திறக்க வேண்டாம். வயநாட்டு மலைச்சரிவில் நடை பழகிய அந்த மனிதர், 90 ஆண்டுகளுக்கு முன் ஒரு நீலச் சாயத்திடம் ஏமாந்து கற்றுக்கொண்ட பாடம் அதுதான்.